சுண்டெலி சொல்லும் சேதி: அல்சைமர் நோயும் நடத்தை அளவீடும்



மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் என்று படிக்கிற நமக்கு எலியும் மறதி நோயும் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கட்டுரை மருத்துவத்தைப் பற்றியது மட்டும் அல்ல, அளவீட்டைப் பற்றியதும்கூட. லேபில் முதல் நாளே நமக்குச் சொல்லித் தருவது என்ன? "ரீடிங் எடுக்கிறதுக்கு முன்னாடி ஜீரோ எரர் இருக்கான்னு பாரு." வெர்னியர் காலிப்பருக்கும் மல்டிமீட்டருக்கும் பொருந்துகிற இந்தப் பாடம், வாய் பேசாத ஓர் உயிரின் மனநிலையை அளக்கும்போது எவ்வளவு முக்கியம் ஆகிறது, அதை மறந்தால் என்ன தவறு நேரும், அந்தப் பாடம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு எப்படி உதவும் என்று இங்கே வரிசையாகப் பார்ப்போம்.

மறதி மட்டும்தானா?

அல்சைமர் நோய் என்றதும் "ஞாபக மறதி" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் இந்த நோயின் வரலாறே மறதியில் தொடங்கவில்லை.

1901ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனைக்கு அகுஸ்தே டேட்டர் என்ற 51 வயதுப் பெண் கொண்டுவரப்பட்டார். அவரைக் கவனித்தவர் டாக்டர் அலாய்ஸ் அல்சைமர். வீட்டில் முதன்முதலில் தெரிந்த மாற்றம் மறதி அல்ல, கணவர் மீது ஏற்பட்ட கடுமையான சந்தேகம்! பிறகுதான் மறதி வேகமாக வளர்ந்தது. சொந்த வீட்டிலேயே வழி தெரியாமல் திரிந்தார். பொருள்களை எடுத்து ஒளித்து வைத்தார். யாரோ தன்னைக் கொல்ல வருவதாக நினைத்துக் கத்தினார்.

1906இல் அவர் இறந்தபின், அல்சைமர் அவருடைய மூளையை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே கறை போன்ற படிவுகளும், நரம்பணுக்களுக்கு உள்ளே முறுக்கிய நூல் போன்ற சிக்கல்களும் இருந்தன. அதே ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி டூபிங்கன் நகரில் நடந்த மனநல மருத்துவர் கூட்டத்தில் இதை அறிவித்தார். 1910இல் எமில் கிரேப்பலின் தம் பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார். வெளிப்படிவு அமிலாய்டு என்ற புரதத்தால் ஆனது, உள்ளே இருக்கும் சிக்கல் டௌ என்ற புரதத்தால் ஆனது என்பது பின்னாளில் தெரிந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகில் 5 கோடியே 70 லட்சம் பேர் டிமென்ஷியா எனப்படும் மறதி நோய்களோடு வாழ்ந்தார்கள். அவற்றில் 60 முதல் 70 சதவீதம் வரை அல்சைமர் வகை. இவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரிடம் கேட்டுப் பாருங்கள். "பேர் மறந்துடறாங்க, அது பரவாயில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காம நடக்கிறாங்க, சோறு போட்ட கையையே திருடின்னு சொல்றாங்க. அதுதான் தாங்க முடியலை" என்பார்கள். குடும்பத்தை உடைப்பது பெரும்பாலும் மறதி அல்ல, நடத்தை மாற்றம்தான்.

நடத்தைக்கும் மார்க் உண்டு

1994இல் அமெரிக்க மருத்துவர் ஜெஃப்ரி கம்மிங்ஸும் அவருடைய குழுவினரும் இதற்கென ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார்கள். முதலில் 10 தலைப்புகள், பிறகு 12. அவை:

1. பொய்யான நம்பிக்கை (யாரோ திருடுகிறார்கள் என்பது போல)
2. இல்லாததைக் காண்பது, கேட்பது
3. அமைதியின்மை, ஆவேசம்
4. மனச்சோர்வு
5. பதற்றம்
6. காரணமில்லாத மிகை மகிழ்ச்சி
7. எதிலும் நாட்டமின்மை
8. கூச்சம், கட்டுப்பாடு விட்டுப்போதல்
9. எரிச்சல்
10. செய்ததையே செய்தல், நோக்கமின்றி நடத்தல்
11. தூக்கக் கோளாறு
12. உணவுப் பழக்க மாற்றம்

நோயாளியைக் கவனிப்பவரிடம் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் "எத்தனை அடிக்கடி" என்பதற்கு 1 முதல் 4 வரையும், "எவ்வளவு கடுமை" என்பதற்கு 1 முதல் 3 வரையும் மதிப்பெண் தருகிறார்கள். இரண்டையும் பெருக்கினால் ஒரு தலைப்புக்கு அதிகபட்சம் 12. மொத்தம் 144. மனிதரிடம் இப்படிக் கேட்டு எழுதிவிடலாம். எலியிடம் யார் போய்க் கேட்பது?

அதற்கு முன், எலி எதற்கு?

உயிரோடு இருக்கும் மனிதரின் மூளையைத் திறந்து, மாதாமாதம் என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. சுண்டெலியின் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுகள்தான். மனிதருக்கு இருபது ஆண்டில் நடப்பதை ஒரே ஆண்டில் பார்க்கலாம். ஆனால் ஒரு சிக்கல்: சாதாரண எலிக்கு அல்சைமர் வராது! எலியின் அமிலாய்டு, மனித அமிலாய்டிலிருந்து மூன்றே மூன்று அமினோ அமிலங்களில் மாறுபடுகிறது. அதனால் அது லேசில் படிவதில்லை.

ஆகவே மனித மரபணுவை எலிக்குள் ஏற்றுகிறார்கள். சில குடும்பங்களில் இந்நோய் தலைமுறை தலைமுறையாக இளம் வயதிலேயே வருகிறது. அந்தக் குடும்பங்களில் கண்டுபிடித்த பழுதுபட்ட மரபணுக்களே இதற்கு மூலப்பொருள். முக்கியமான எலி வகைகள் சில:

1995: பி.டி.ஏ.பி.பி. எலி. மூளையில் அமிலாய்டு படிவுகள் தெளிவாக உருவான முதல் வகை.

1996: டி.ஜி. 2576 எலி. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கேரன் சியாவ் குழு உருவாக்கியது. ஒரு ஸ்வீடன் குடும்பத்தில் கண்ட மரபணுப் பழுது இதில் உள்ளது. வயது ஏற ஏறப் படிவும் வந்தது, கற்கும் திறனும் குறைந்தது.

2003: மூன்று மரபணு எலி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் உருவானது. இதில் படிவு, சிக்கல் இரண்டும் உண்டு.

2006: ஐந்து பழுது எலி. ஐந்து மரபணுப் பழுதுகளை ஒன்றாக ஏற்றியதால் இரண்டே மாதத்தில் படிவு தொடங்கிவிடும்.

2014: ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தில் உருவான எலி. புரதத்தை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்காமல், எலியின் சொந்த மரபணுவையே திருத்தி அமைத்த வகை.

இவை எல்லாம் நோயின் "மாதிரிகள்", நோயே அல்ல. பாலம் கட்டுவதற்கு முன் சிறிய மாடல் செய்து பாரம் ஏற்றிப் பார்க்கிறோமே, அது போல. மாடல் பாலத்தில் லாரி ஓடாது என்பதை மறந்துவிடக் கூடாது.

எலியின் மனதை அளக்கும் சோதனைகள்

1. நீர்த்தொட்டி. 1981இல் ரிச்சர்ட் மோரிஸ் பெரிய எலிகளுக்காக அமைத்த சோதனை இது. பின்னர் சுண்டெலிக்கும் வந்தது. வட்டத் தொட்டியில் நீர் நிரப்பி, அதை வெண்மையாகக் கலக்கிவிடுவார்கள். நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு சிறு மேடை மறைந்திருக்கும். சுவரில் உள்ள படங்களை அடையாளம் வைத்து எலி அந்த மேடையைக் கண்டுபிடிக்க வேண்டும். சில நாள் பயிற்சிக்குப் பின் மேடையை எடுத்துவிடுவார்கள். நல்ல ஞாபகம் உள்ள எலி, மேடை இருந்த கால்பகுதியிலேயே சுற்றிச் சுற்றித் தேடும். ஞாபகம் இல்லாத எலிக்கு நான்கு கால்பகுதியும் ஒன்றுதான், அதாவது 25 சதவீதம்.

2. ஒய் வடிவப் பாதை. மூன்று கைகள் கொண்ட பாதை. எலிக்கு இயல்பாகவே புதிய இடத்தைப் பார்க்கும் ஆசை உண்டு. சற்று முன் போன கைக்கு மறுபடி போகாமல் புதிய கைக்குப் போகும். இதற்கு உணவும் வேண்டாம், அடியும் வேண்டாம்.

3. கூட்டல் குறிப் பாதை. தரையிலிருந்து சுமார் அரை மீட்டர் உயரத்தில் கூட்டல் குறி வடிவில் நான்கு கைகள். இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை. பயப்படும் எலி சுவர் உள்ள கையிலேயே பதுங்கும். ஐந்து நிமிடத்தில் திறந்த கையில் எத்தனை வினாடி இருந்தது என்பதே பதற்றத்தின் அளவு.

4. திறந்த பெட்டி. வெறும் சதுரப் பெட்டிதான். எலி எவ்வளவு தூரம் ஓடுகிறது, நடுவில் வருகிறதா, சுவரோரமே ஒட்டுகிறதா என்று மேலே உள்ள காமிராவும் அகச்சிவப்புக் கதிர் சென்சார்களும் பதிவு செய்யும். நோயாளிகளின் ஓயாத நடைக்கு இதில் ஓர் ஒப்புமை கிடைக்கிறது. பல அமிலாய்டு எலிகள் மற்ற எலிகளைவிட அதிகம் ஓடுகின்றன.

5. கூடு கட்டுதல். மாலையில் கூண்டுக்குள் 3 கிராம் எடையுள்ள அழுத்திய பஞ்சுத் துண்டு ஒன்றை வைப்பார்கள். நல்ல எலி இரவோடு இரவாக அதைப் பிய்த்துக் கிண்ணம் போல அழகான கூடு கட்டிவிடும். காலையில் 1 முதல் 5 வரை மார்க். பல அமிலாய்டு எலிகள் பஞ்சை அப்படியே போட்டுவிடுகின்றன. நாட்டமின்மைக்கும், அன்றாட வேலையைச் செய்ய முடியாமைக்கும் இது ஓர் எளிய அளவுகோல். விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் செய்யும் சோதனை இது என்பது குறிப்பிடத்தக்கது.

6. அன்னியர் வருகை. ஓர் ஆண் எலியின் கூண்டுக்குள் இன்னொரு ஆண் எலியை விட்டு, எத்தனை வினாடியில் பாய்கிறது, எத்தனை முறை தாக்குகிறது என்று பார்ப்பது. இது ஆவேசத்துக்கான அளவு.

7. தூக்கம். மூளை மின்னலைப் பதிவு மூலம் அளக்கலாம். 2009இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் செயின்ட் லூயிஸ் ஆய்வாளர்கள் டி.ஜி. 2576 எலிகளை ஆராய்ந்தபோது, விழித்திருக்கும் நேரத்தில் மூளை நீரில் அமிலாய்டு கூடுவதையும், தூங்கும்போது குறைவதையும் கண்டார்கள். தூக்கத்தைக் கெடுத்தால் படிவும் கூடியது. ஆக, தூக்கக் கேடு நோயின் விளைவு மட்டும் அல்ல, நோயை வளர்க்கவும் கூடும் என்ற சந்தேகம் எலியிடமிருந்து வலுப்பெற்றது.

ஒரு சின்னக் கணக்கு

ஒய் வடிவப் பாதையின் கைகளுக்கு அ, ஆ, இ என்று பெயர் வைப்போம். ஓர் எலி இந்த வரிசையில் நுழைந்தது:

அ, ஆ, இ, ஆ, அ, இ, ஆ, அ, ஆ, இ

மொத்த நுழைவு 10. அடுத்தடுத்த மூன்று மூன்றாக எடுத்தால் 10 – 2 = 8 தொகுதிகள். இவற்றில் மூன்று கையும் வேறு வேறாக உள்ளவை எத்தனை? "ஆ, இ, ஆ" தவறு. "ஆ, அ, ஆ" தவறு. மீதி 6 சரி. ஆகவே 6 / 8 × 100 = 75 சதவீதம். குருட்டாம்போக்கில் நடந்தால் 50 சதவீதம் வரும். எனவே இந்த எலிக்கு ஞாபகம் நன்றாகவே இருக்கிறது. கூடவே மொத்த நுழைவு எண்ணிக்கையையும் கட்டாயம் எழுத வேண்டும். இரண்டு மூன்று முறை மட்டும் நகர்ந்த எலிக்குச் சதவீதம் கணக்கிட்டால் அதற்கு அர்த்தமே இல்லை.

ஜீரோ எரர் எங்கே இருக்கிறது?

நம் கட்டுரையின் முக்கியமான இடம் இதுதான். நீர்த்தொட்டியில் ஓர் எலி மேடையைக் கண்டுபிடிக்கவில்லை. உடனே "மறந்துவிட்டது" என்று எழுதிவிடலாமா?

எழுதக் கூடாது! முதலில், அந்த எலிக்குக் கண் தெரியுமா? டி.ஜி. 2576 எலியின் மூதாதையரில் எஸ்.ஜே.எல். என்ற வகை இருக்கிறது. அந்த வகையில் விழித்திரை கெட்டுப்போகும் மரபணு ஒன்று உண்டு. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் அதைப் பெற்ற குட்டி, பிறந்த சில வாரங்களிலேயே பார்வை இழந்துவிடும். அது சுவரில் உள்ள படத்தை எப்படிப் பார்க்கும்? ஞாபகம் நன்றாக இருந்தும் ஃபெயில் ஆகும். அதனால்தான் மேடைமேல் கொடி நட்டு, கண்ணுக்குத் தெரியும்படி வைத்து ஒரு தனிச் சோதனை செய்கிறார்கள். அதில் தேறிய எலிதான் அடுத்த சோதனைக்குத் தகுதி. மரபணுப் பரிசோதனையும் செய்துகொள்கிறார்கள்.

அடுத்து, நீந்தும் வேகம் சரியா? காது கேட்கிறதா? கை கால் தளர்ந்திருக்கிறதா? ஐந்து பழுது எலிக்கு வயது கூடும்போது உடல் இயக்கமும் குறைகிறது. அப்போது "நாட்டமின்மை" என்று நாம் எழுதுவது உண்மையில் கால் தளர்ச்சியாக இருக்கலாம்.

பிறகு, அளப்பவரே ஒரு பிழை! 1999இல் போர்ட்லேண்ட், ஆல்பனி, எட்மன்டன் ஆகிய மூன்று நகரங்களின் ஆய்வகங்கள் சேர்ந்து ஒரு சோதனை செய்தன. ஒரே எலி வகைகள், ஒரே மாதிரிக் கருவிகள், ஒரே உணவு, ஒரே நேரம். அப்படி இருந்தும் சில சோதனைகளில் முடிவுகள் ஊருக்கு ஊர் மாறின. கூட்டல் குறிப் பாதையில் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. 2014இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு இன்னொன்றைக் காட்டியது. ஆண் ஆய்வாளர் அருகில் இருந்தாலே, ஏன், அவர் போட்ட பனியன் அருகில் இருந்தாலே எலிகளுக்கு மன அழுத்தம் கூடுகிறதாம்! வாசனைதான் காரணம். அதனால் ஒவ்வோர் எலிக்குப் பிறகும் பாதையை ஆல்கஹாலால் துடைப்பது, எந்த எலிக்கு எந்த மரபணு என்று மார்க் போடுபவருக்குத் தெரியாமல் வைப்பது என்ற விதிகள் எல்லாம் வந்தன.

ரீடிங் சரியாக இருந்தாலும் பொருள் கொள்வதில் சிக்கல் உண்டு. கூட்டல் குறிப் பாதையில் ஐந்து பழுது எலி திறந்த கையில் அதிக நேரம் நிற்கிறது. அதாவது பயம் குறைந்துவிட்டது. மூன்று மரபணு எலியிலோ பயம் கூடியதாகப் பதிவுகள் உள்ளன. நோயாளிகளில் பதற்றம் கூடுவதே அதிகம். அப்படியானால் ஐந்து பழுது எலியிடம் நாம் பார்ப்பது தைரியமா, அபாயத்தை உணராத கட்டுப்பாடு இழப்பா, இல்லை சும்மா ஓடும் ஓட்டத்தில் அங்கே போய்விட்டதா? ஒரே எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. நான்கைந்து சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

எலி நிற்கும் எல்லை

இவ்வளவு செய்தும் எலி மனிதன் ஆகாது. குடும்பவழி மரபணுப் பழுதால் வரும் அல்சைமர், மொத்த நோயாளிகளில் 1 சதவீதத்துக்கும் குறைவு. எலிகளோ பெரும்பாலும் அந்தப் பழுதை வைத்தே செய்யப்பட்டவை. பல வகை எலிகளில் படிவு நிறைய இருந்தும் நரம்பணுக்கள் அவ்வளவாகச் சாவதில்லை. கணவரைச் சந்தேகிப்பது, "என் வீட்டுக்குப் போகணும்" என்று சொந்த வீட்டிலிருந்தே அழுவது போன்றவற்றை எந்தப் பெட்டியிலும் அளக்க முடியாது.

1999இல் பி.டி.ஏ.பி.பி. எலிகளுக்கு அமிலாய்டுத் தடுப்பூசி போட்டபோது படிவு பெருமளவு தடுக்கப்பட்டது. உலகமே கொண்டாடியது. மனிதருக்குப் போட்டபோது சுமார் 6 சதவீதம் பேருக்கு மூளை அழற்சி வந்ததால், 2002இல் ஊசி போடுவதையே நிறுத்தினார்கள். ஆனால் அந்தப் பாதை மூடப்படவில்லை. படிவை நீக்கும் எதிர்ப்பொருள் மருந்துகளான லெக்கானெமாப் 2023லும் டொனானெமாப் 2024லும் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றன. லெக்கானெமாப் 18 மாதத்தில் சரிவின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. சரிவை நிறுத்தவில்லை, குறைத்தது. மூளை வீக்கம், ரத்தக்கசிவு ஆகிய பக்கவிளைவுகளும் உண்டு.

நடத்தைக்கான மருந்தின் கதை இன்னும் சிரமமானது. மனநோய் மருந்துகள் மறதி நோயுள்ள முதியவர்களுக்கு இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துத் துறை 2005இல் எச்சரித்தது. அல்சைமர் நோயாளியின் அமைதியின்மைக்கென்றே அந்நாட்டில் முதல் மருந்து அனுமதி பெற்றது 2023இல்தான். பிரெக்ஸ்பிப்ரசோல் என்ற அந்த மருந்துக்கும் அதே எச்சரிக்கை உண்டு. ஆகவே மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்துவிடலாம் என்று நினைப்பது ஆபத்து.

நம் வீட்டுக்கு என்ன பாடம்?

எலிக்கு முதலில் கண் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம்தான் மறதி என்று எழுதுகிறார்கள் அல்லவா? அதே நியாயம் நம் தாத்தா பாட்டிக்கும் உண்டு. "வயசாயிடுச்சு, வேணும்னே பண்றாங்க" என்று முடிவு கட்டுவதற்கு முன் பாருங்கள்:

1. கண்ணாடி பவர் சரியா? கண்புரை உண்டா? காது கேட்கிறதா? மங்கலாகத் தெரியும் நிழல் அவருக்குத் திருடனாகத் தெரியலாம்.

2. எங்காவது வலியா? பல்வலி, மூட்டுவலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று எல்லாம் சொல்லத் தெரியாத ஒருவரிடம் ஆவேசமாகத்தான் வெளிப்படும். ஓரிரு நாளில் திடீரென்று குணம் மாறினால் அது அவசரம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

3. புதிதாக ஏதாவது மாத்திரை தொடங்கினார்களா?

4. சத்தம், வெளிச்சக் குறைவு, வீடு மாற்றம், தூக்கக் கேடு ஏதாவது உண்டா?

5. வாதாட வேண்டாம். "நான் திருடலை" என்று சண்டை போட்டால் அவருக்குப் பயம்தான் கூடும். "வாங்க, சேர்ந்து தேடலாம்" என்று சொல்லிப் பாருங்கள்.

இத்தனைக்கும் பின் மாற்றம் நீடித்தால், நரம்பியல் மருத்துவரையோ மனநல மருத்துவரையோ பார்க்க வேண்டும். எப்போது, எவ்வளவு நேரம், அதற்கு முன் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். லேப் ரெக்கார்டு எழுதிப் பழகிய நமக்கு இது கஷ்டமா என்ன? டாக்டருக்கு அந்த நோட்டு பெரிய உதவி.

முடிவுரை

நண்பர்களே! இந்தத் துறையில் நமக்கும் வேலை இருக்கிறது. எலியின் ஓட்டத்தைப் படம்பிடிக்கும் காமிரா, அதைக் கணக்கிடும் புரோகிராம், கதிர் சென்சார், தூக்கத்தைப் பதிவு செய்யும் ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் செய்வதும் பழுது பார்ப்பதும் டெக்னீஷியன்களே. நாளை முதியோருக்கான அணிகருவிகளைச் செய்யப் போகிறவர்களும் நம்மில் இருக்கலாம். அப்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கருவி காட்டுவது ஓர் எண். அந்த எண்ணுக்கு அந்தப் பக்கம் பேச முடியாத ஓர் உயிர் இருக்கிறது. பிழை அதனிடம் என்று சொல்வதற்கு முன் நம் ஜீரோ எரரைப் பார்த்துவிடுவோம்.